பதில் சொல்லிப் பழகிய வாய்கள்

அழைப்பு ஏரிப் பக்கமிருந்து வந்தது. அந்தப் பக்கம் பாதையே கிடையாது, நாணலும் சேறும்தான். "அகோ" என்று ஓர் ஆண் குரல் நிதானமாகக் கூப்பிட, படுக்கும் முன் பல் துலக்கிக்கொண்டும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டும் இருந்த சிறுமிகள் வாயில் நுரையோடு "அமே" என்று கத்தினார்கள். குடிலின் பொறுப்பாளர் ரொஷெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த முகாமில் அவளுக்கு எரிச்சல் தராத விஷயம் எதுவுமில்லை. டெட்ராய்ட்டின் கறுப்பினப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிவந்து மரத்தைக் கட்டிப்பிடிக்க வைத்தால் அவர்கள் வாழ்க்கை மலர்ந்துவிடும் என்று யாரோ பணக்காரர்கள் நம்பியிருந்தார்கள். நடத்துகிறவர் பிரதர் க்வாபெனா. ஊரில் கெவின் என்ற பெயரில் கார் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த மனிதர், இரண்டு வாரம் கானாவுக்குப் போய்வந்ததும் பெயரையும் சட்டையையும் மாற்றிக்கொண்டார். அங்கே யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "அகோ" என்று கேட்க வேண்டுமாம், வரலாமா என்று அர்த்தமாம். உள்ளே இருப்பவர்கள் "அமே" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் காலை எடுத்து வைக்கலாமாம். முதல் நாள் இதைக் கண்கலங்கச் சொன்னவர், மறுநாளிலிருந்து அதையே பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு ஓட்டிப்போகப் பயன்படுத்தினார்.

ரொஷெல் அதை இன்னும் கேலிக்கூத்தாக்கினாள். கடைசியாகப் பதில் சொல்கிறவள் கழிவறை கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டாள். தூங்குகிறவர்களின் காதில் "அகோ" என்று ஊதினாள். கண்ணைத் திறக்காமலே "அமே" என்றார்கள். வயிறு வலிக்கச் சிரித்தாள். எல்லாரையும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் அவள் தங்கை ஜனேய்தான். அவளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பதாக ரொஷெல் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். இல்லாவிட்டால் இந்தக் கொசுக்காட்டில் அவளுக்கு என்ன வேலை?

சாலைப் பக்கத்துப் படியில் காலடி கேட்டது. இஞ்சித் தேநீர்க் குடுவையோடு பிரதர் க்வாபெனா நின்றார். மத்தியானம் தோணிகளைப் பார்த்துக் கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. முகாமே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"யாரும்மா கூப்பிட்டது?" என்றார் காற்றாக.

"நீங்கதானே, பிரதர். இப்பத்தான்."

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு மூச்சுதான் வருது. பசங்க வேலையா இருக்கும், போய்க் கண்டிக்கிறேன்."

கெவினுக்குப் பயந்து எவன் திருந்தப்போகிறான் என்று ரொஷெல் முணுமுணுத்துவிட்டுத் திரும்பினால், ஜனேய் அழுதுகொண்டு நின்றாள். முடி கலையாமலிருக்க இரவில் போட்டுக்கொள்ளும் அவளுடைய மஞ்சள் சாட்டின் தொப்பியை ஏரிப் பக்கத் துணிக்கொடியில் காயப்போட்டிருந்தாள், காணோமாம். தலை கழுத்தில் ஒட்டியிருப்பதால்தான் அதையாவது தொலைக்காமல் இருக்கிறாய் என்று திட்டி, பழைய டீ-ஷர்ட் ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னாள்.

ஒன்பதரைக்கு ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். போன்களையும் டார்ச்சுகளையும் முதல் நாளே வாங்கிப் பூட்டியாயிற்று. பிள்ளைகள் நட்சத்திரம் பார்க்க வேண்டுமாம். கூரைக்கு மேல் பைன் மரங்கள் உரசும் ஒலியும், கொசுவலைக் கதவு காற்றில் சட்டத்தோடு தட்டும் ஒலியும், தேங்காயெண்ணெயும் கொசு மருந்தும் ஈரத் துணியும் கலந்த வாடையும் சேர்ந்து அவளை மெல்ல மெல்லத் தூக்கத்துக்குள் அமுக்கின.

"அகோ."

இந்த முறை கொடிக்கு இப்பால். குடிலுக்கு வெகு அருகில். தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒரே குரலில், மிக மரியாதையாக, "அமே" என்றார்கள்.

ரொஷெலுக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது. காலைக் கீழே வைத்தாள். தரை நனைந்திருந்தது. ஏரிச் சேற்றின் வாடை குடிலுக்குள்ளேயே அடித்தது. தடவிப் பார்த்தாள், கொசுவலைக் கதவின் கொக்கி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. படுக்கும்போது அவளே மாட்டிய கொக்கி. மறுபடி மாட்டினாள்.

குடில் நடுவே நின்று பெண்களை எழுப்பினாள். "யாரு கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. என் குரல் மாதிரி இருந்தாலும் சரி. தலையணையைக் கடிச்சுக்கங்க."

"மிஸ் ரொஷெல், இதுவும் விளையாட்டா?" என்றது தூக்கக் கலக்கத்தில் மறு கோடிக் கட்டிலிலிருந்து ஸரியா என்ற பெண்ணின் குரல்.

"இல்லடி. சத்தியமா இல்ல."

ஜனேயை நம்ப முடியாது. தூக்கத்திலும் முந்துகிறவள், அப்படிப் பழக்கிவிட்டவள் ரொஷெலேதான். இருட்டில் தடவிக்கொண்டே தங்கையின் கட்டிலுக்குப் போய், விளிம்பில் உட்கார்ந்து, அவள் வாயை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். சின்ன வாய் அசையாமல் அடங்கிக் கிடந்தது.

மரப்படி கிறீச்சிட்டது.

"அகோ."

ரொஷெலின் குரலேதான். அதே இளக்காரம், அதே அடக்கிய சிரிப்பு.

யாரும் பதில் சொல்லவில்லை. மரங்கள்கூட ஓய்ந்திருந்தன. நல்ல பிள்ளைகள், நல்ல பிள்ளைகள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம். விடியட்டும்.

"ஷெல்." அறையின் மறு கோடியிலிருந்து ஒரு கிசுகிசுப்பு. ஜனேயின் குரல். "ரொம்ப பயமா இருக்கு, ஷெல். நான் ஸரியாவோட கட்டில்ல இருக்கேன். லைட் போனதுமே இங்க வந்துட்டேன்."

ரொஷெல் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

மணிக்கட்டில் ஏதோ வழவழத்தது. சாட்டின். சொட்டச் சொட்ட ஈரம். தொப்பி.

வாசலில் ரொஷெலின் குரல் மறுபடி பொறுமையாகக் கேட்டது. "அகோ."

உள்ளங்கைக்கு அடியில் குளிர்ந்த உதடுகள் விரிந்தன.

"அமே."

கொக்கி மெதுவாக மேலே எழுந்தது.