வட்டுக்குள் அடுப்படி

ஓடாத இயந்திரத்தின் கோப்பு நேற்றைவிடப் பெருத்திருந்தது. பாண்டியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பெருத்துத்தான் இருந்தது.

அந்த இயந்திரம் அவன் கணினிக்குள் மென்பொருளாகவே ஓடிய இன்னொரு கணினி. அடுப்படிக் கேமராவின் பதிவுகளெல்லாம் அதில்தான் இருந்தன. கரண்ட் போய்ப் போய் வந்ததில் அதன் அமைப்புக் கோப்புகள் அழிந்து, டிஸ்க் கோப்பு மட்டும் தனியே கிடந்தது. காய்ச்சலில் செத்துப்போன மனைவி சத்யபிரியா நடமாடியதும் பேசியதும் வேறெங்கும் பதிவாகவில்லை. அவள் குரல் அவனுக்கு மறந்துகொண்டே வந்தது.

சின்னாளபட்டியிலிருந்து நண்பன் சோலைமுத்து போனில் வழி சொன்னான். "அட்ரஸ்தான்டா தொலைஞ்சிருக்கு, வீடு அப்படியே இருக்கு. புதுசா ஒரு மெஷினை உண்டாக்கி, பழைய டிஸ்க்கை அதுல மாட்டு அப்பு." ஒரு வாய் சாப்பிட வரச் சொன்னான். பிறகு பார்க்கலாம் என்று இவன் வைத்துவிட்டான்.

மாட்டினான். இந்த இயந்திரத்தை இடம் மாற்றினாயா, நகலெடுத்தாயா என்று திரை கேட்டது. நகல் என்று அழுத்தினான்.

பொழுது சாயும் நேரத்து அனலில் தெரு அடங்கிக் கிடக்க, மின்விசிறி கறக் கறக்கென்று சுற்ற, தோல் பதனிடும் ஆலைகளின் பக்கத்திலிருந்து புளித்த வாடை ஜன்னல் வழியே வந்து படிய, திரையில் அடுப்படி மெல்லத் தெளிந்தது. ஓரத்தில் இன்றைய தேதி. கேமராவைக் கழற்றிப் பல மாதமாயிற்று.

சத்யபிரியா தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்த வாசம் அவன் அறைக்கே வந்தது. ஓடிப்போய் அடுப்படியை எட்டிப் பார்த்தான். இருட்டு. குளிர்ந்த அடுப்பு. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

திரையில் அவள் இரண்டு தட்டு வைத்தாள். ஒருவன் வந்து அமர்ந்தான்.

பாண்டியராஜின் சட்டை. பாண்டியராஜின் முதுகு.

"பிரியா" என்று கூப்பிட்டான். அவள் தலை நிமிர்ந்தாள்.

"ஏங்க, அந்த ரூம்ல ஏதோ சத்தம் கேக்குது."

"அங்க யாரு இருக்கா? பழைய சிஸ்டத்தை நிறுத்தாம விட்டுட்டேன் போல. நீ சாப்பிடு, அணைச்சிட்டு வாரேன்."

திரையில் நாற்காலி காலியானது.

காலடி. அடுப்படியிலிருந்து. இப்போது கூடம்.

பாண்டியராஜ் கதவைச் சாத்த எழுந்தான்.

கதவிடுக்கில் ஒரு கை நுழைந்தது. எண்ணெய் பட்ட விரல்கள் சுவரைத் தடவின. விளக்கு சுவிட்சைத் தாண்டி, மின்விசிறி சுவிட்சைத் தாண்டி, இதுவரை அங்கே இல்லாத ஒரு சுவிட்சின் மேல் வந்து நின்றன.