மூன்றாவது லைன்

மெயின் சுவிட்சை இறக்கினால் அந்தப் பழைய மோட்டார் பதினோரு விநாடியில் நின்றுவிடும். ஒரு மாதமாக அதன் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிறவளுக்கு அது எண்ணாமலே தெரியும். கையிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியில் துடைத்து, துணியை ஆணியில் மாட்டுவதற்குள் கப்பி கடைசியாக ஒரு முறை தயங்கித் திரும்பி ஓய்ந்துவிடும். திங்கட்கிழமை துணியை மாட்டிய பிறகும் அது சுற்றிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ஷெட்டைப் பெருக்கி, பித்தளைச் சுருள்களை அள்ளி வாளியில் போட்டுவிட்டுத் திரும்பியபோதும் சுற்றிக்கொண்டிருந்தது.

மோட்டார் வைண்டிங் செய்கிற அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"பேரிங் புதுசு பாப்பா. கிரீஸ் இளகியிருக்கும்" என்றான் அவன். அவளுக்கு நாற்பது வயதானாலும் அவனுக்குப் பாப்பாதான். "ஓடலைன்னா போன் பண்ணுவாங்க, நிக்கலைன்னு பண்றவ நீ ஒருத்திதான்."

அவளும் சிரித்துவிட்டு வைத்தாள்.

பதினெட்டு வருடம் லேத் என்ற கடைசல் எந்திரம் ஓட்டிய தொழிற்சாலை மூடப்பட்டபோது, தான் நின்று வேலை பார்த்த அதே லேத்தை ஏலத்தில் எடுத்துவந்து வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டில் இறக்கியவள் அவள். லேத்துக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும். அவர்கள் தெருவுக்கு வருவதோ ஒரே ஃபேஸ். மின்சார அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். "வீட்டுக் கரண்டுல மிக்ஸி ஓட்டலாம்மா" என்று பழைய ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை. அண்ணனை நச்சரித்து, பழைய இரும்புக் கடையில் கிடந்த பெரிய மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றை வீட்டு மின்சாரத்துக்கு ஏற்றபடி காயில் மாற்றிச் சுற்ற வைத்தாள். வீட்டின் இரண்டு ஒயர்களை அதில் கொடுத்து, கப்பியில் கயிறு சுற்றி ஒரே இழுப்பாக இழுத்து ஓடவிட்டால் போதும். எங்கிருந்தும் வராத மூன்றாவது லைனை அந்த மோட்டாரே சுற்றிச் சுற்றி உண்டாக்கிக் கொடுக்கும். மூன்றும் சேர்ந்தால் லேத் ஓடும். முதல் நாள் அது ஓடியபோது வாய்விட்டுக் கத்தினாள்.

புதன்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு லாரி வரும். நாற்பது பித்தளை புஷ் வளையங்களில் ஒன்பது பாக்கி. சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில், ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். லேத் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்ட மனிதன். சத்தம் நின்றால்தான் விழிப்பான்.

முப்பத்திரண்டாவது புஷ்ஷில் பாதி கடைந்திருந்தபோது தலைக்கு மேலிருந்த பல்பு அணைந்தது. பக்கத்து வீட்டு டிவி வாயை மூடியது. அடுத்த அறையின் ஃபேன் டக், டக் என்று தளர்ந்து ஓய்வது கேட்டது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. சலித்துக்கொண்டு, கடையும் டூலைப் பின்னுக்கு இழுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

புஷ்ஷைக் கவ்வியிருந்த சக் சுற்றிக்கொண்டிருந்தது. பித்தளை, பொன்னிறச் சுருளாக உரிந்து வந்துகொண்டே இருந்தது.

டூலை எடுத்துவிட்டுப் போய் மெயினை இறக்கினாள். ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மோட்டாரின் உச்சியிலிருந்த பெட்டியைத் திறந்து, வீட்டிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் கழற்றித் தரையில் போட்டாள். மோட்டார் அதே வேகத்தில், அதே தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாவது லைனில் டெஸ்டரை வைத்ததும், இருண்ட ஷெட்டுக்குள் அதன் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. எப்போதும் வரும் வார்னிஷ் வாடை இல்லை. மூடிய அறையில் நெடுநேரம் தூங்குகிறவனின் மூச்சு வாடை அடித்தது. ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். ரப்பருக்கு அடியில் மணிக்கட்டைப் போல இளஞ்சூடாக இருந்தது.

ஷட்டர் பாதி திறந்திருந்தது. வெளியே மழை. நாலு எட்டு வைத்தால் தெரு.

ஃபோர்மேனின் சிரிப்பு காதில் விழுந்தது.

"எங்கிருந்தோ வரட்டும்" என்று உரக்கவே சொன்னாள். "என் ஒயர்ல வந்தா என் கரண்ட். எனக்கு இன்னும் ஒன்பது இருக்கு."

மறுபடி லேத்தின் முன்னால் போய் நின்றாள்.

முப்பத்திரண்டு முடிந்தது. முப்பத்து மூன்றில் கொஞ்சம் ஆழமாக டூலைக் கொடுத்தாள். பாரம் ஏறியதும் மோட்டாரின் உறுமல் இறங்கியது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. அவன் முனகினான். கனவு கண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். டூலை விலக்கினாள். உறுமல் ஏறியது, முனகல் நின்றது. மறுபடி கொடுத்தாள்.

மறுபடி முனகல்.

இந்த முறை வேண்டுமென்றே, நூலளவு நூலளவாகக் கொடுத்துக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்டாள். டூல் இறங்க இறங்க, அவன் மூச்சு ஆழ்கிணற்றில் வாளி இறங்குவதுபோலப் போய்க்கொண்டே இருந்தது. அடியில் போய் நின்றது.

வரவில்லை.

டூலைப் பிடுங்கினாள். விக்கலோடு மூச்சு திரும்பி வந்தது. சக்கிலிருந்த பித்தளை பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகாக அவள் ஒரு புஷ் கடைந்ததில்லை.

"என்னங்க!"

உறுமல் மட்டும்.

அவளுக்குப் பயத்தைத் தாண்டி ஒரு கோபம் வந்தது. யாரைக் கேட்டு அவர்மேல் கை வைத்தாய்? கட்டிங் பிளேயரை எடுத்து, மோட்டாரிலிருந்து லேத்துக்குப் போகும் மூன்று ஒயர்களையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது வெட்டுப்படும்போது சதையைப் போல நழுவியது. லேத் நின்றது. மோட்டார் நிற்கவில்லை. பாரம் போன சந்தோஷத்தில் வேகம் கூடியது.

"லாரி வரட்டும், போகட்டும். ஒண்ணும் வேணாம். நில்லு."

நிற்கவில்லை.

மூலையிலிருந்த கடப்பாரையைத் தூக்கினாள். இரண்டு கையாலும் ஓங்கி, கப்பியின் ஆரங்களுக்கு நடுவே சொருகினாள். இரும்பு அலறியது. கடப்பாரை அவள் விலாவில் மோதிச் சுவரோடு அறைந்தது. விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மொத்த உடம்பையும் அதன்மேல் சாய்த்தாள். கப்பி நடுங்கியது. இழுத்தது. நின்றது.

மழை மட்டும்.

வென்றுவிட்டாள். சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வலிக்கும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொழிற்சாலையில் எட்டு ஆண்கள் செய்யப் பயப்படுகிற வேலை இது.

அப்போதுதான் உறைத்தது. உறுமல் நிற்கவில்லை.

மோட்டார் அசையாமல் கிடந்தது. சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கட்டிலிலிருந்து இறங்கியது. நடையைக் கடந்தது. வெறுங்கால்களை ஈரத் தரையில் வைப்பதுபோல ஒவ்வொரு அடியாக வந்தது.

ஷெட்டின் உள்வாசலில் அவன் நின்றான். கண் மூடியிருந்தது. கைகள் தொங்கின. வாய் மட்டும், தூக்கத்தில் திறப்பதைவிட அகலமாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து மோட்டாரின் குரல், ஏறாமல் இறங்காமல், மூச்சுக்குக்கூட நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

வாசலில் லாரி ஹார்ன் அடித்தது. பாதி திறந்த ஷட்டர் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவள் எழுந்தாள். ஷட்டர் பக்கம் திரும்பவில்லை.

"இது என் வீடு" என்றாள். "இவர் என் புருஷன். போறதா இருந்தா நீ போ. நான் போகமாட்டேன்."

நேராக அவனிடம் நடந்தாள். இடது கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டு, வலது உள்ளங்கையை அவன் வாயில் அழுத்தி மூடினாள்.

உறுமல் அடங்கவில்லை. உள்ளங்கைக்குள் புகுந்தது. மணிக்கட்டில் ஏறியது. முழங்கை. தோள். அவள் பற்கள் ஒன்றோடொன்று மெல்ல அதிரத் தொடங்கின. அவன் கண்ணைத் திறந்து, அடையாளம் தெரியாதவனைப் போல அவளைப் பார்த்தான்.

அவள் கையை எடுக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால், ஒயர் வெட்டுண்டு கிடந்த லேத்தில், சக் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வேகம் பிடித்தது.