சன்னலில் கப்பல் தெரியும் அறை

“ஊர்ப் பேச்சு காதுல விழுந்தா போதும், கெணத்துல குதின்னாலும் குதிச்சிருவீங்க.”

“ஏளா, துறைமுக வாசல்லேருந்து நாலு நிமிசம். சன்னல்லேருந்து பாத்தா கப்பலே தெரியுங்கான். இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு?”

“வழியனுப்ப யாரும் வாராங்களான்னு ரெண்டு வாட்டி கேட்டானே, அது எதுக்கு?”

“அக்கறைளா. அக்கறை.”

தாராவியில் தோல் பை தைக்கும் ஜமாலும் அவன் மனைவி சைனபும் போட்ட இந்தச் சண்டை சந்து முழுக்கக் கேட்டது. கேட்காத வீடுகளில் சன்னலைத் திறந்து வைத்துக் கேட்டார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் முதல் பயணம், கோவாவுக்குக் கப்பலில். ஞாயிறு காலை பதினோரு மணிக்குள் ஏறியாக வேண்டும். ஞாயிறென்றால் தண்டவாள வேலைக்காக மெகா பிளாக். ரயிலை நம்ப முடியாது. ஆகவே சனிக்கிழமையே போய்த் துறைமுகத்தை ஒட்டி அறை எடுப்பது என்பதுவரை இருவருக்கும் சம்மதம். எந்த அறை என்பதில்தான் தகராறு. அவளுக்கு லிஃப்டும் விளக்குமாக ஒரு பெரிய ஓட்டல் வேண்டும். அவனுக்கோ போனை எடுத்தவன் “சொல்லுங்க அண்ணாச்சி” என்றதுமே நெஞ்சு இளகிவிட்டது. மூன்று தலைமுறை பம்பாயில் கிடந்தாலும் நம்மவர்களுக்கு இந்த வியாதி போவதில்லை.

ஜமால்தான் ஜெயித்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, மெலிந்த ஒரு மேனேஜர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் போக, மரப்படி ஒவ்வோர் அடிக்கும் முனக, தெருவின் டாக்சி இரைச்சல் மாடிக்கு மாடி தேய்ந்து, மூன்றாம் மாடியில் ஏசியின் உறுமலும் எங்கோ நீர் சொட்டும் ஓசையும் மட்டும் மிஞ்ச, அறைக்கதவு திறந்ததும் சைனபின் மூக்கில் அந்த வாடை ஏறியது. உப்புத் தடவி அடுக்கிய பச்சைத் தோலின் வாடை.

“இங்க எப்படி நம்ம குடோன் வாடை?”

“நம்ம துணிலதான். எத்தனை சோப்பு போட்டாலும் போவுதா?”

அவளும் நம்பினாள். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரி மூக்கைப் பொத்துவதைப் பார்த்துப் பழகியவள். வாடை எங்கிருந்து வந்தாலும் தன்னிடமிருந்துதான் என்று ஒடுங்கிக்கொள்வது அவள் வழக்கம்.

ஆதார் கார்டுகளை ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்று மேனேஜர் ஜமாலைக் கூட்டிக்கொண்டு போனான். சைனப் துணி மாட்ட அலமாரியைத் திறந்தாள். உள்ளே கூரைவரை பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கப்பல் சீட்டு தொங்கியது. எல்லாம் கடந்துபோன தேதிகள். நடுவில் ஒரு பழுப்புத் தோல் பை. அந்தத் தையல் அவள் கைத்தையல். நாலாவது வீட்டுக் கணேசபாண்டியனுக்குத் தைத்துக் கொடுத்தது. அவன் கப்பலேறி, தமன்னா என்ற செம்பூர்ப் பெண்ணோடு கோவாவில் குடித்தனம் வைத்துவிட்டான் என்றுதான் சந்தே பேசியது. குழந்தை பிறந்ததாகக்கூட ஒரு சேதி உண்டு. அதை யார் கிளப்பினார்கள் என்பது இப்போது வேண்டாம்.

பைக்குள் அவன் மூக்குக்கண்ணாடி இருந்தது. ஒரு பக்கம் நொறுங்கி. முடி ஒட்டி.

கீழே ஒரு சத்தம். கட்டையில் தோலை வைத்துச் சுத்தியலால் அடிக்கும் சத்தம்.

மறுபடியும். இந்த முறை ஈரமாக.

அவள் வெளியே ஓடினாள். படித் திருப்பத்தில் ஜமால் குப்புறக் கிடந்தான். விரல்கள் இன்னும் படியைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. மேனேஜர் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, சுத்தியலை ஓங்கி, மூன்றாவதாக இறக்கினான். விரல்கள் நின்றன.

“ரூம்லயே இருங்க தங்கச்சி. டீ சொல்லிருக்கேன்.”

அறைக்குள் ஓடித் தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். அவன் வாசலுக்கு வந்ததும் முகத்தில் அடித்தாள். தாடை முறிந்தது. மறுபடி அடித்தாள். அவன் கத்தவில்லை. இரண்டு பற்களைத் துப்பினான். குனிந்து பொறுக்கினான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“பரவால்ல.”

முடியைப் பிடித்தான். இழுத்தான். நடை. அடுத்த கதவு. உப்பு. தரையெல்லாம் உப்பு.

சன்னலைப் பார்த்து வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆள். மணிக்கட்டுகளில் கப்பல் சீட்டு. தோல் இறுகி, நிறம் மாறி, முகமெல்லாம் கடல் பக்கம்.

கடைசியில் இரண்டு நாற்காலி காலி.

“இங்கேருந்து நல்லாத் தெரியும் தங்கச்சி.”

சுத்தியல் உயர்ந்தது.

ஜமால், சைனப் ஆதார் கார்டுகளைக் காட்டி இருவர் ஏறியதாகக் கப்பல் பட்டியலில் இருந்ததால் யாரும் தேடவில்லை. பட்டறைக் கடன் தாங்காமல் கோவாவில் தங்கிவிட்டார்கள் என்று சந்து முடிவு கட்டியது. கணேசபாண்டியனின் மனைவி சொர்ணம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு தாணேக்குப் போனாள். ஜமாலின் தங்கை ஜுவைரியா ராஹில் என்பவனைக் கட்டிக்கொண்டு கல்யாண் நகரில் குடியேறினாள். நிக்காஹுக்குக்கூட வராத அண்ணனை நாலு கேள்வி கேட்க, போன டிசம்பரில் புருசனோடு அதே கப்பலில் ஏறினாள்.

கப்பல் நகர்ந்ததும் மேல்தளத்தில் எல்லோரும் கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிச் சன்னலில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜுவைரியாவும் அவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். கடைசி நாற்காலியில் ஒரு பெண், நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு, வாயை அகலத் திறந்திருந்தாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து மெலிந்த ஒரு கை வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, மெதுவாக அசைத்தது.