பத்தாம் பாகத்தைக் காணோம்

1975 மார்ச் 1, சனிக்கிழமை. பிற்பகல் 3.10.

டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தாளில் 'பத்தாம் பாகம், வண்ணம்' என்று எழுதியிருந்தது. வைதேகி மூடியைத் திறந்து, பிலிமின் நுனியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முட்டைக்கோஸ். அடுத்த கட்டத்திலும் முட்டைக்கோஸ். இரண்டு முழம் இழுத்துப் பார்த்தாள். தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார்.

அது காலை பத்து மணிக்கே ஒளிபரப்பான தோட்டக்கலைப் படம். இருக்க வேண்டிய படத்தைக் காணவில்லை.

ஆஸ்திரேலியாவில் வண்ணத் தொலைக்காட்சி முறைப்படி தொடங்கிய நாள் அது. சிட்னியின் வடகரையில் இருந்த அந்தச் சிறு நிலையம், அன்று முழுவதும் பிரிட்டிஷ் நிகழ்ச்சிகள் மட்டுமே என்று அறிவித்திருந்தது. காலையில் தோட்டம், பிறகு பொம்மலாட்டம், மதியம் பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை கிரிக்கெட் பற்றிய படம், மாலையில் நகைச்சுவை. இரவு ஏழரைக்கு லண்டன் கொலைத் தொடரின் கடைசிப் பாகம். ஊர் முழுக்கக் காத்திருந்தது அதற்குத்தான்.

ஒன்பது வாரமாகக் கொலைகாரனின் முகம் திரையில் வரவில்லை, கையுறை போட்ட கை மட்டுமே வந்தது. பத்திரிகைகள் அவனுக்குக் 'கறுப்புக் கையுறை' என்று பெயர் வைத்துவிட்டன. முந்தைய ஒன்பது பாகங்களும் கறுப்பு வெள்ளைப் பிரதிகளாக வந்தவை. பத்தாவது மட்டுமே வண்ணப் பிரதி. அது நேற்று மாலைதான் விமானத்தில் வந்து இறங்கியது. கீறல், கிழிசல் பார்ப்பது வைதேகியின் வேலை. சென்னையில் பிலிம் லாபில் பன்னிரண்டு வருடம் செய்த அதே வேலை. தனியாக உட்கார்ந்து முழுவதையும் பார்த்து, டப்பாவில் வைத்து மூடினாள். கொலைகாரன் யார் என்று நிலையத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்ட்ராத்ஃபீல்டு புறநகரில் இருந்த வீட்டுக்குப் போன பிறகு கணவர் சேஷாத்ரி எவ்வளவோ கெஞ்சியும் அவள் வாயைத் திறக்கவில்லை.

3.25.

நிர்வாகி ஹேட்லி முகம் சிவக்க வந்தார். பிலிம் அறைக்குப் பொறுப்பு தனபாலன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மனைவி சந்திரிகாவை இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டிருந்தான். வேலை நிரந்தரம் என்று நிலையம் எழுதிக் கொடுத்தால்தான் அது நகரும். ஹேட்லி நேராக அவனிடம் போய், ஏழரைக்குள் படம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார்.

தனபாலனால் வைதேகியிடம் தமிழில்தான் பேச முடிந்தது.

"நான் டப்பாவைத் திறக்கவே இல்லை அக்கா. சாப்பிடப் போகேக்க அறையைப் பூட்ட மறந்துபோனன். அது என்ர பிழைதான். வந்து தூக்கிப் பாத்தனான், பாரம் சரியா இருந்தது."

"பாரம் சரியா இருக்கணும்னுதான் முட்டைக்கோஸை உள்ளே வச்சிருக்காங்க," என்றாள் வைதேகி. "எத்தனை மணிக்குச் சாப்பிடப் போனீங்க?"

"பன்னிரண்டே முக்கால். ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்திட்டன்."

ஹேட்லி போலீசைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார். ஒரு மணி நேரம் பொறுக்கும்படி வைதேகி கேட்டுக்கொண்டாள். போலீஸ் வந்து எல்லோரிடமும் எழுதி வாங்கி முடிப்பதற்குள் ஏழரை ஆகிவிடும் என்பது அவருக்கும் தெரிந்தது. கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

3.50.

வாசல் காவலாளி உறுதியாகச் சொன்னார். மதியத்திலிருந்து பையோடு ஒருவரும் வெளியே போகவில்லை. பிலிம் சுருள் பெரிய தோசைக்கல் அளவு இருக்கும், சட்டைக்குள் மறைக்க முடியாது. அப்படியானால் அது கட்டிடத்துக்குள்தான் இருக்கிறது.

வைதேகி நடைவழியின் கோடியில் இருந்த முன்னோட்ட அறைக்குப் போனாள். பிலிமைச் சின்னத் திரையில் ஓட்டிப் பார்க்கும் இயந்திரம் அங்கே இருந்தது. மண்டியிட்டுத் தரையைத் துழாவினாள். இயந்திரத்தின் காலடியில் நகம் அளவில் ஒரு பிலிம் துண்டு கிடந்தது. மூன்றே கட்டங்கள். மழையில் நனைந்த தெருவிளக்கு. நேற்று அவளே பார்த்த காட்சி.

இது திருட்டல்ல. யாரோ படத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இயந்திரத்தில் சிக்கிக் கிழிந்திருக்கிறது. பயத்தில் ஒளித்துவிட்டார்கள்.

4.05.

விடுமுறை நாள் என்பதால் அந்தத் தளத்தில் இருந்தது கொஞ்சம் பேர்தான். ஒளிபரப்பு இயந்திரக்காரர்கள் கீழ்த்தளத்தை விட்டு நகரவே இல்லை. தனபாலனைத் தவிர மேலே இருந்தவர்கள் இருவர்.

ஒருத்தி ஹேட்லியின் செயலாளர் மார்கரெட், மலேயாவின் ஈப்போ நகரிலிருந்து வந்த தமிழ்ப் பெண். மதியம் முழுவதும் தட்டச்சு செய்ததாகச் சொன்னாள். கதவு சாத்தியிருந்தது, சாட்சி இல்லை. "இந்தக் கறுப்புக் கையுறை யாருன்னு தெரியாம என் அம்மா தூங்கவே மாட்டாங்க அக்கா. நான் போய் அதை ஒளிப்பேனா?" என்றாள்.

மற்றவர் அறிவிப்பாளர் காலின் பெய்ன். நிகழ்ச்சிகளுக்கு நடுவே கேட்கும் குரல் அவருடையது. தன் சிறு ஒலி அறையை விட்டு நகரவே இல்லை என்றார். பிலிம் பக்கமே தான் போவதில்லை, தொடரை எல்லோரையும் போல வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் பார்த்தேன் என்றும் சொன்னார்.

வைதேகி எழுந்தாள். அவர் தாமாகவே அனுதாபத்தோடு ஒன்று சேர்த்துக்கொண்டார்.

"பாவம், ஜனங்கள். அந்தச் சிவப்புக் கையுறைக்குள் யார் கை இருந்தது என்று இனி யாருக்குமே தெரியப்போவதில்லை."

வைதேகி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நடைவழியில் கால்கள் தாமாகவே ஓடின.

4.20.

ஹேட்லியின் அறையில் எல்லோரும் கூடினார்கள். வைதேகி உட்காரவில்லை.

"மிஸ்டர் பெய்ன், அந்தக் கையுறை என்ன நிறம்?"

"ஏன்?" என்றார் அவர்.

"இந்த ஊரே அதைக் கறுப்பு என்கிறது. மார்கரெட்டும் அப்படித்தான் சொன்னாள். நீங்கள் மட்டும் சிவப்பு என்றீர்கள்."



வைதேகி ஹேட்லியின் பக்கம் திரும்பி விளக்கினாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கருஞ்சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும். ஒன்பது வாரமாக வந்த பிரதிகளில் அதன் உண்மை நிறம் இல்லவே இல்லை. வண்ணத்தில் இருப்பது பத்தாம் பாகம் ஒன்றுதான். அதை அவள் நேற்றுப் பார்த்தாள், ஒருவரிடமும் சொல்லவில்லை. சிவப்பு என்று தெரிந்த இன்னொருவர், இன்று அதை ஓட்டிப் பார்த்தவராகத்தான் இருக்க முடியும்.

"கிரிக்கெட் படம் ஒரு மணி நேரம் ஓடியது. அதுவரை இவர் பேச வேண்டிய அவசியமே இல்லை. தனபாலன் அறையைப் பூட்டாமல் போனதும் அந்த நேரம்தான். படம் கிழிந்த பிறகு தொலைவில் கொண்டுபோய் ஒளிக்க முடியாது, ஒன்றரைக்கு மைக் முன்னால் இருக்க வேண்டும். வேறு யாரும் நுழையாத இடமும் அவருடைய அறைதான்."

ஹேட்லி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார். ஒலி அறையின் கனத்த திரைச்சீலைக்குப் பின்னால், ஒரு மேல்கோட்டில் சுற்றப்பட்டு, படம் இருந்தது.

பெய்ன் நாற்காலியில் சரிந்தார். ஏழரைக்கு முன் கொலைகாரன் பெயரைச் சொல்கிறேன் என்று மாலைப் பத்திரிகை ஒன்றில் சவால் விட்டிருந்தாராம். பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தாராம். தனபாலன் மேல் பழி விழுந்தபோது ஏன் பேசவில்லை என்று ஹேட்லி கேட்டபோது அவர் மேல்கோட்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார். தனபாலன் அவரைப் பார்க்காமல் பிலிம் சுருளை மட்டும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

4.50.

நான்கு இடத்தில் கிழிசல். பிலிமின் ஒரு பக்க ஓரத்துத் துளைகள் நெடுகப் பிய்ந்திருந்தன. தனபாலன் பிடித்துக்கொள்ள, வைதேகி வெட்டி ஒட்டினாள். அரை நிமிடக் காட்சியைக் காப்பாற்ற முடியவில்லை. நல்ல வேளையாக அது ஒரு மனிதர் தெருவைக் கடக்கும் காட்சி. 7.05க்குக் கடைசி ஒட்டு முடிந்தது. தனபாலன் அதைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினான்.

அப்போதுதான் ஹேட்லிக்கு உறைத்தது. பெய்னை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மைக் முன்னால் ஆளில்லை. அறிவிப்புத் தாளை மார்கரெட்டிடம் நீட்டினார். அவள் ஒரு முறை படித்துப் பார்த்தாள். 7.29க்கு, சிட்னியின் வீடுகளில், மலேயாச் சாயல் கொண்ட ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் கடைசிப் பாகத்தை அறிவித்தது. அது கொஞ்சமும் நடுங்கவில்லை.

கீழ்த்தள நடைவழியில் இருந்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் வைதேகி, தனபாலன், மார்கரெட் மூவரும் நின்றே பார்த்தார்கள். மடித்த உறை ஒன்றோடு வந்த ஹேட்லி, தனபாலனின் சட்டைப்பையில் அதைச் செருகினார். நிரந்தர வேலைக் கடிதம். சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டார். தனபாலன் தலையாட்டினான், கண் திரையை விட்டு அகலவில்லை.

"ஆரெண்டு இப்பவாவது சொல்லுங்கோ அக்கா."

"இன்னும் பத்து நிமிஷம்," என்றாள் வைதேகி.

திரையில் கதவு திறந்தது. மார்கரெட் வைதேகியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். முகம் தெரிந்த அந்த நொடியில் தனபாலன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான். மேலே அலுவலகத்தில் தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின.