பளிங்குத் துறையில் ஒரு கயிறு

தென்கடல் முனையின் மேற்குப் பக்கத்தில், இரண்டு செம்பாறைகள் கைகோத்துக்கொண்டு உலகின் கண்ணுக்குப் படாமல் மறைத்து வைத்திருந்த அந்தச் சிறு துறையிடம் கதிரவன் விடைபெற்றுக்கொண்டிருந்த மாலை வேளை. கடல் அங்கே அலையடிப்பதையே மறந்து கிடந்தது. ஆழத்து மணலில் நண்டு நடந்த கோடுகூடத் தெரியும்படி நீர் அவ்வளவு தெளிவாயிருந்தது. பளிங்குத் துறை என்று பெயர் வைத்தவர் யாரோ நல்ல ரசிகர்தான். ஆனால் வாசகர்களே, தொலைத்த பொருள் கண்ணெதிரே கிடந்தும் கைக்கு எட்டாமல் தவிப்பவரிடம் போய்த் தெளிந்த நீரின் பெருமையைப் பேசாதீர்கள். நல்ல பதில் கிடைக்காது!

அப்படித் தவித்தவள்தான், பாறை விளிம்பில் குனிந்து நீரையே பார்த்துக்கொண்டிருந்த அரிஞ்சிகை. முனைநாட்டு வேளின் ஒரே மகள். சேனாபதி மழவரையன் துரோகம் செய்து கோட்டையைக் கைப்பற்றிய நாளில், காயம்பட்ட தந்தையைப் படகில் ஏற்றிக்கொண்டு தப்பி வந்தாள். படகு பாறையில் மோதிச் சிதறிற்று. குலவாள் உறையிலிருந்து நழுவி நீருக்குள் போயிற்று; வெற்று உறைதான் அவள் கையில் மிஞ்சிற்று. தந்தை இந்த மணலிலேயே கண்ணை மூடினார். அன்றுமுதல் பாறைக் குகைதான் அவளுக்கு அரண்மனை, கடற்காக்கைகள்தான் பேச்சுத் துணை. தன் குரலே மறந்துவிடுமோ என்று பயந்து, சில நாட்களில் தன் பெயரை உரக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

அதோ, பொற்பிடி மின்ன வாள் கிடந்தது. கைநீட்டினால் எட்டிவிடும் போலத் தோன்றுவது தெளிந்த நீர் செய்யும் வஞ்சகம். இருமுறை குதித்துப் பார்த்து, பாதி உயிரோடு கரையேறியிருக்கிறாள். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினால் எட்டலாம். மேலே இழுக்க ஓர் ஆள் வேண்டுமே! நாளை சித்திரைப் பௌர்ணமி, ஆண்டுதோறும் நாட்டார் சபை கூடும் நாள். குலவாளோடு வருபவருக்கே அரியணை என்பது முன்னோர் வகுத்த முறை. வாளோடு ஒருவரும் வராவிட்டால், கோட்டையைப் பிடித்து வைத்திருக்கும் மழவரையன் தலையில் முடி ஏறிவிடும்.

"தேவி, கயிறு பிடிப்பீர்களா?"

குறுவாளை உருவிக்கொண்டு திரும்பினாள். தோளில் கயிற்றுச் சுருளும் கையில் கனத்த கல்லுமாக ஓர் இளைஞன் நின்றான்.

"யார் நீர்?"

"விடங்கன் என்பார்கள். முத்துக் குளிக்கக் கற்றவன். தங்கள் தந்தையின் உப்பைத் தின்று வளர்ந்தவன். உடைந்த படகின் பலகைகள் முனைக்கு அப்பால் ஒதுங்கின. நீரோட்டத்தை எதிர்த்துத் தேடி வந்தேன்."

"முத்துக் குளிப்பவர் மைத்துனனைத் தவிர வேறெவர் கையிலும் கயிற்றைக் கொடுப்பதில்லையே? உடன்பிறந்தாளின் தாலியை நினைத்தாவது அவன் கைவிடமாட்டான் என்பார்கள்."

"எனக்கு மனைவியுமில்லை, மைத்துனனுமில்லை. நான் மூழ்கிப்போனால் அழுவதற்கு ஒருவருமில்லை, தங்களைப் போலவே."

அந்தக் கடைசிச் சொல் அவள் நெஞ்சைத் தொட்டது. கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

அவன் மேலாடையை மடித்து அவள் காலடியில் வைத்தான். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அதன்மேல் வைத்தான். கல்லோடு நீரில் பாய்ந்தான். கயிறு அவள் உள்ளங்கைகளுக்கிடையே வழுக்கி ஓடிற்று.

அவன் அடிமணலைத் தொட்டபோது, அந்தி வெயில் பட்டு மோதிரம் பளிச்சிட்டது. குனிந்து பார்த்தாள். ஆமை இலச்சினை! மழவரையன் குடும்பத்தின் இலச்சினை! அவனுடைய மகனா இவன்?

கயிறு அசைந்தது. இழுக்கச் சொல்லும் குறிப்பு. அவள் இழுக்கவில்லை.

மீண்டும் அசைந்தது. அந்தப் பாழும் நீரில் எல்லாமே தெரிந்தது: இடுப்புக் கயிறு, கையில் வாள், அண்ணாந்து அவளையே பார்த்த முகம், குறைந்துகொண்டே வந்த குமிழ்கள். கைவிட்டால் தந்தையின் பழி தீரும். இழுத்தால், வந்தவன் அதே வாளால் அவளையே வெட்டலாம். ஆனால் தந்தை இறந்த அன்று கேட்ட அந்த அமைதி மறுபடி இத்துறையில் சூழ்வதை அவளால் தாங்க முடியவில்லை. பற்றி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தாள்.

இருமிக்கொண்டே கரையேறியவன் வாளை அவள் காலடியில் வைத்தான்.

"மோதிரத்தைப் பார்த்தீர்களா, தேவி?"

"பார்த்தேன்."

"பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன். என் தந்தை செய்த பாவத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை தங்களுக்கே உண்டு. சொல்லிவிட்டீர்கள்."

பாறைக்கு அப்பால் சங்கு முழங்கிற்று. மழவரையனின் படகுகள் மகனைப் பின்தொடர்ந்து வந்துவிட்டன!

"வாளின் உறை தங்களிடம் இருக்கிறதல்லவா? கொடுங்கள். தூரத்துக்கு அது வாளாகவே தெரியும். அவர்கள் என்னைத் துரத்தட்டும். தாங்கள் மலைவழியே சபைக்குச் செல்லுங்கள்."

"உம்மைப் பிடித்துவிட்டால்?"

அவன் சிரித்துக்கொண்டே, அவள் நீட்டிய உறையை வாங்கிக்கொண்டு, பாறையோரம் கட்டியிருந்த தன் தோணியில் ஏறினான்.

"உமது கயிறு, விடங்கரே!"

"தங்களிடமே இருக்கட்டும். கயிறு பிடித்தவரை நாங்கள் மாற்றுவதில்லை."

அவன் தோணி பாறையிடுக்கைக் கடந்தது. கூச்சல் எழுந்தது. தீப்பந்தங்கள் திரும்பி அவன் பின்னே விரைந்து, முனையைச் சுற்றி ஒவ்வொன்றாக மறைந்தன. அரிஞ்சிகை வாளின்மேல் கைவைத்தாள். "நீர் திரும்பி வந்து கேட்கும்வரை இக்கயிறு என் கையை விட்டுப் போகாது. அரியணை ஏறினாலும் தனியாகவே அமர்ந்திருப்பேன். இது என் தந்தை மண்மேல் ஆணை!" என்றாள். கேட்க அங்கே ஒருவருமில்லை.

பாறைக்குப் பின்னிருந்து நிலா எழுந்தது. புறப்படுமுன், பழக்கத்தால் ஒருமுறை நீருக்குள் பார்த்தாள். வாள் கிடந்த இடத்தில் அவன் அவிழ்த்துவிட்ட கல் கிடந்தது. இத்தனை காலம் தனியே வாழ்ந்தவளுக்குத் தனிமை என்பது இன்னதென்று அப்போதுதான் தெரிந்தது.