வள்ளம் ஓடேல்லை

வவுனியாவில் மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. சைக்கிள் கடைத் தாழ்வாரத்துக்குள் ஓடி ஏறிய நிஷாந்தனின் கையிலிருந்த தாள்கள் சரிந்து சிதறின. அங்கே ஒதுங்கி நின்ற பெண் குனிந்து பொறுக்கினாள். ஈரமுடி கன்னத்தில் ஒட்டியிருக்க, நிமிர்ந்து பார்த்த அந்தக் கண்கள்... நன்றி சொல்லவும் மறந்து தாள்களுக்குக் கையை நீட்டினான்.

"என்ன தாளுகள் இது?"

"நான் காலமை கொம்பியூட்டர் வகுப்பெடுக்கிறனான். அங்கை படிக்கிற பிள்ளையள் தாங்களே கேம் செய்து பழக ஒரு புரோகிராம் எழுதினனான். அதைப்பற்றி அவையின்ரை அபிப்பிராயம்." மேலிருந்த தாளைக் கடுப்போடு காட்டினான். "எல்லாரும் நல்லம் எண்டினம். இதை எழுதினவருக்கு மட்டும் ஒண்டும் விளங்கேல்லைப் போல..."

அவள் வாசித்தாள். "'நான் செய்த கேமிலை வள்ளம் ஓடேல்லை. பிழை எண்டு மட்டும் காட்டுது, எந்த வரியிலை எண்டு சொல்லேல்லை. புதுசாப் படிக்கிற ஆளுக்குப் பயமாக் கிடக்கு.'" தாளை நீட்டினாள். "நான்தான் எழுதினது. யூலிற்றா. அங்கை பின்னேர வகுப்பிலை படிக்கிறன்."

மழையென்றும் பாராமல் நடந்துவிட்டாள்.

மறுநாள் நிஷாந்தன் வேண்டுமென்றே ஓர் எழுத்தை விட்டுத் தட்டிப் பார்த்தான். திரையில் 'பிழை' என்று மட்டும் வந்தது. விட்ட இடம் தெரியாதிருந்தால், எழுதிய அவனுக்கே எங்கே தேடுவதென்று விளங்கியிராது. இரண்டு நாள் இருந்து திருத்தினான். காட்டலாமென்று பின்னேர வகுப்புக்குப் போனால், அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். என்னால்தானோ என்று யோசித்தான்.

அவளுடைய தோழி றெஜிதான் சொன்னாள். "முல்லைத்தீவிலையிருந்து இடம்பெயர்ந்து வந்தவையெல்லோ... வவுனியா ரவுணிலை தங்கியிருக்கக் குடுத்த அனுமதிப் பாஸ் முடியுது. புதுப்பிக்க பாஸ் கந்தோர் வரிசையிலை நிக்கிறா. குடுக்காட்டி முகாமுக்குத்தான் திரும்பிப் போகவேணும்."

சைக்கிளை மிதித்தான். போய்ச்சேர, அவள் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஒரு கடதாசித் துண்டு. கண் சிவந்திருந்தது.

"தந்தவையோ?"

"ஒரு மாசம்தான்."

"நீங்கள் எழுதினது சரி. இப்ப பிழை வரியைக் காட்டுது."

"இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"இல்லை..." சைக்கிளால் இறங்கினான். "உங்களைக் காணாமல் என்னாலை வகுப்பெடுக்கேலாமல் போச்சு. உங்களை எனக்கு விருப்பம், யூலிற்றா. அடுத்த மாசம் பாஸ் தராட்டி முகாம் வாசலுக்கு வந்து நிப்பன்."

அவள் கையிலிருந்த துண்டை மடித்தாள். பிழையாகக் கதைத்துவிட்டேனோ என்று அவன் பயந்தான்.

"நாங்கள் கத்தோலிக்கர். நீங்கள் சைவமெல்லோ?" மெல்லக் கேட்டாள்.

"ஓம்..."

"ஞாயிறு பூசை முடிய மாதா கோயில் வாசலிலை நில்லுங்கோ. அம்மாவோடை நான் கதைக்கிறன்." குனிந்துகொண்டே சொன்னாள். "மூண்டு நாளும் வரிசையிலை நிண்டு பாஸைப்பற்றி நினைச்சதைவிட... உங்களைத்தான் நினைச்சனான்."