லாரி ட்யூப் தெப்பம்

தை மாதத்துத் தண்ணீர் அப்படி வெதுவெதுப்பாக இருந்தது வேதகிரிக்குப் பிடிக்கவில்லை. கரையில் காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. இறங்கினால் கால் விறைத்துப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏரிக்குள் காலை வைத்தான். ஆனால் முழங்கால்வரை ஏறிய தண்ணீர், யாரோ இதுவரை படுத்திருந்து அப்போதுதான் எழுந்துபோன பாயைப் போல, உடம்புச் சூட்டோடு இருந்தது.

"இன்னாடா, தண்ணி சுடுது?"

"பொயுதுக்கும் வெயில்ல காயுதில்ல, அதான்," என்று சொல்லிவிட்டு சுப்பிரமணி தெப்பத்தை ஒரே தள்ளாகத் தண்ணீருக்குள் விட்டான்.

தெப்பம் சுப்பிரமணியின் கைவேலை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் பஞ்சர் கடை வைத்திருந்தான். கழித்துப்போட்ட நான்கு லாரி ட்யூபுகளுக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்து, மேலே மூங்கில் பரப்பி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான். துடுப்புக்கு இரண்டு பலகைத் துண்டுகள். பள்ளிக்கூட நாளிலிருந்து மூன்று நண்பர்களும் பேசிப் பேசியே ஒத்திப்போட்ட காரியம் இது. வேதகிரியும் சுப்பிரமணியும் ஏரியைத் தெப்பத்தில் கடப்பது. ராஜாராம் அரிசி, பானை, கோழி எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சாயங்காலமாக ரோட்டு வழியாகச் சுற்றி வருவது. மானாம்பதிப் பக்கத்துக் கரையில் ராஜாராம் வீட்டு நிலமும் பம்புசெட்டுக் கொட்டகையும் இருந்தன. அங்கே சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே படுத்து, மறுநாள் மீன் பிடிப்பதாக ஏற்பாடு.

வேதகிரிக்கு வர மனமே இல்லை. அவன் அரிசி மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். பண்டிகைக்கு முன்னால் மில் ராத்திரி பகலாக ஓடியதில், பொங்கல் லீவு விட்டபோது அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. தூங்க வேண்டும். யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும்.

"வருசம் பூரா நெருப்பு முன்னாடியே குந்திக்கினு கீற," என்று காணும் பொங்கலன்று காலையில் சுப்பிரமணி வீட்டுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்தான். "ஒரு நாளு தண்ணி மேல குந்துடா."

குந்தினான். முன்னால் அவன், பின்னால் சுப்பிரமணி. கொஞ்ச தூரம்வரை உற்சாகமாகத்தான் இருந்தது. பிறகு பலகையைத் தண்ணீருக்குள் விட்டு இழுப்பதும், தூக்குவதும், மறுபடி விடுவதும், உமி தள்ளுவதைப் போலவே இன்னொரு வேலையாகிவிட்டது. ட்யூப் ரப்பர் வெயிலில் நாறியது. மூங்கில் கணுக்கள் தொடையை அறுத்தன. வெளிச்சம் தண்ணீரில் பட்டுச் சிதறிக் கண்ணுக்குள் ஊசி ஊசியாய் இறங்கியது. எதிர்க்கரைப் பனைகள் மட்டும் புறப்பட்டபோது இருந்த உயரத்திலேயே, விரலளவாகவே நின்றன. நடு ஏரிக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தோள்பட்டை தன்னுடையதாகவே இல்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னால ஆவாதுடா."

"நீ படு. நான் எறங்கித் தள்றேன்."

"அவ்ளோ தூரமா?"

"இதெல்லாம் ஒரு தூரமா? படுடா."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே. தெப்பம் ஒருமுறை ஆடியது, சுப்பிரமணி பின்பக்கமாகத் தண்ணீரில் வழுக்கி இறங்கிய சத்தம் கேட்டது, வேதகிரி பின்பக்கம் கால் நீட்டி மல்லாந்து படுத்தான். பின்னால் கால் அடிக்கும் சத்தம் தப், தப் என்று ஒரே சீராகக் கேட்டது. சுப்பிரமணி கடைக்கு வந்த ஒரு லாரி டிரைவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு மூச்சு வாங்கிப் பேச்சை நிறுத்தினான். வானத்தில் நாரைகள் வரிசையாகப் போயின. அவையும் போய்ச் சேர்ந்த பிறகு பனைகள் கறுத்தன, தண்ணீர் கறுத்தது.

"டேய், போதும். ஏறிக் குந்து. நான் துடுப்பு வலிக்கிறேன்."

"நீ தூங்கு."

குரல் தலைமாட்டில், காதுக்கு மிக அருகே கேட்டது. எவ்வளவு நல்லவன் இவன் என்று நினைத்துக்கொண்டான். அப்படியே கண் சொருகிவிட்டது.

விழித்தபோது முதலில் நாற்றம்தான் தெரிந்தது. வெகு காலம் அடியில் கிடந்த சேற்றைக் கிளறிவிட்டதுபோல. இருட்டிவிட்டிருந்தது. தெப்பம் போய்க்கொண்டிருந்தது. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. படுப்பதற்கு முன்பிருந்ததைவிட வேகமாக, ஆட்டமில்லாமல், ஒரே நேராக.

கால் அடிக்கும் சத்தம் இல்லை.

காதைக் கூர்மையாக்கினான். மூங்கிலுக்கடியில் தண்ணீர் சலசலத்தது. அவ்வளவுதான். மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

"சுப்பிரமணி."

விளையாடுகிறான். சின்ன வயசிலிருந்தே தண்ணீரில் இறங்கினால் அவன் அப்படித்தான். தலையைத் தூக்கிப் பார்த்தால் போயிற்று. ஆனால் கழுத்து எழவில்லை. அசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். படுத்தபடியே வலது காலைப் பின்பக்கம் மெதுவாக நீட்டினான். ட்யூபின் விளிம்பில் பாதம் விரல்களைத் தொட்டது.

இருக்கிறான். அப்பாடா.

"பேஜார் பண்ணாதடா," என்று சிரித்துக்கொண்டே காலால் அந்த விரல்களை நெருடினான். அவை அசையவில்லை. தண்ணீரில் ஊறி, தோல் சுருங்கி, மொழுமொழுவென்று இருந்தன. காலைச் சற்று நகர்த்தினான். அங்கேயும் விரல்கள். இன்னொரு கை. இன்னும் நகர்த்தினான்.

அங்கேயும்.

ஒரு ஆளுக்கு இத்தனை விரல் கிடையாது.

காலை இழுத்துக்கொண்டான். எழுந்து, கரைப் பக்கமாகத் திரும்பி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முன்னால் பார்த்தான். முன்னால் மட்டும். கரை வந்துகொண்டிருந்தது. பனைகள் பெரிதாகிவிட்டன. கொட்டகையின் கூரை தெரிந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது. ராஜாராம்.

"ராஜாராம்!" கத்தினான். "டேய், ராஜாராம்!"

வெளிச்சம் திரும்பி அவன் முகத்தில் விழுந்தது.

"வேதகிரியா? உயிரோட கீறியா நீ?" ராஜாராம் அழுதுகொண்டிருந்தான். "எப்பிடிடா தனியா வந்த?"

"தனியா இல்லடா. சுப்பிரமணி பின்னால தள்ளிக்கினு வரான்."

ராஜாராமின் டார்ச் மெதுவாகக் கீழே தணிந்து, அவன் காலடியைக் காட்டியது. கோரைப்புல்லை மடக்கி, அதன்மேல் ஒரு உடம்பைக் கிடத்தியிருந்தான். வயிறு ஊதியிருந்தது. வாய் திறந்திருந்தது. சுப்பிரமணி.

"அவன் இங்க கீறான்டா," என்றான் ராஜாராம். "பகல் வெளிச்சத்துலயே கரை ஒதுங்கிட்டான். நான் சைக்கிள்ல வந்து சேந்தப்போ இந்தக் கோரையிலதான் கெடந்தான்."

பகல் வெளிச்சத்திலேயே.

அப்படியானால் பனைகள் கறுத்த பிறகு, காதுக்கருகே தூங்கச் சொன்னது யார்?

தெப்பம் நின்றது. தரை தட்டவில்லை. தானாக, அப்படியே நின்றது. கரை எட்டிக் குதிக்கிற தூரம்தான். மில்லில் சுடுநெல் கொட்டும் பள்ளத்தை அவன் தினமும் தாண்டுகிற தூரம். எழு, குதி என்று தன் கால்களுக்குச் சொன்னான். அவை எங்கோ தூரத்தில், வேறு யாருடைய கால்களோபோல மடங்கிக் கிடந்தன. உடம்பு முழுக்க ஒரு கனம். எழ வேண்டும். எழத்தான் வேண்டும்.

ராஜாராம் டார்ச்சை உயர்த்தி அவனுக்குப் பின்னால் அடித்தான்.

அடித்தவன் அசையாமல் நின்றான். ஒரு அடி பின்வாங்கினான். கோரையில் கால் இடறியது. டார்ச் அவன் கையிலிருந்து நழுவி ஓரத் தண்ணீரில் விழுந்தது, அணையவில்லை. தண்ணீருக்கடியிலிருந்து பச்சையாக, கலங்கலாக, தெப்பத்தை நோக்கி எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் வேதகிரி பார்த்தான். பின்பக்கம் மட்டுமில்லை. இடது பக்கம், வலது பக்கம், அவன் முழங்காலுக்கு நேர் எதிரே. நான்கு ட்யூபின் விளிம்பிலும் நெருக்கமாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, பந்திக்கு உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டுப் பலகையைப் பிடித்ததுபோல் விரல்கள்.

"குதிடா!" என்று ராஜாராம் அலறினான். "வேதகிரி, குதிடா!"

விரல்கள் ஒருமுறை இறுகின. கயிறு முனகியது. பிறகு சத்தமே இல்லாமல் தெப்பம் பின்னோக்கி நகர்ந்தது, வந்த வேகத்திலேயே, ஒரே நேராக, நடு ஏரியை நோக்கி.